ஆணுறை தெரியும், எய்ட்ஸ் தெரியாது!

2007 ஏப்ரலில் தலைநகர் தில்லியில் லாரி ஓட்டுநர்களுக்காக எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கேரும் ஹிந்தி நடிகை ஷில்பா ஷெட்டியும் கலந்துகொண்டனர். மேடையிலேயே ஷில்பாவை அணைத்து, கன்னத்தில் முத்தமிட்டார் கேர். அதன்பின் பல நாள்களுக்குச் செய்தித் தொலைக்காட்சிகள் அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. ஜெய்ப்பூர் நீதிமன்றம் கைது வாரண்ட் பிறப்பித்தது. கேர் மன்னிப்புக் கோரினார். முத்தமிடப்பட்டவர் என்பதைத் தவிர வேறு எந்தக் குற்றமும் செய்யாத ஷில்பாவை மும்பை நீதிமன்றம் விடுவித்தது 2022 ஜனவரியில்தான்.

எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானதால் வேலையை இழக்கும் பெண்ணாக ஷில்பா நடித்த "பிர் மிலேங்கே" என்ற ஹிந்தித் திரைப்படம் 2004-ல் வெளிவந்தது. அதை இயக்கியவர் தமிழ் ரசிகர்கள் நன்கறிந்த ரேவதி. அந்தப் படம் எழுப்பிய கேள்விகள் ஒரு வாரம்கூட விவாதிக்கப்படவில்லை. முத்தம் பதினைந்து ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. அன்று அந்த ஓட்டுநர்களிடம் என்ன சொல்லப்பட்டது என்பதைப் பழைய செய்தித்தாள்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில் திரிபுராவிலிருந்து ஒரு செய்தி வந்தது. "மாணவர்கள் 828 பேருக்கு எச்.ஐ.வி.; 47 பேர் பலி" என்று நாடெங்கும் தலைப்புகள். ஏதோ சில வாரங்களில் கல்லூரிகளுக்குள் நோய் புகுந்து சூறையாடிவிட்டது போன்ற தோற்றம். அது 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரையிலான 17 ஆண்டுகளின் மொத்தக் கணக்கு என்று மாநில அரசு விளக்கம் அளித்தது. அந்த விளக்கம் தலைப்புச் செய்தியின் வேகத்தில் பரவவில்லை. மாணவர்களிடையே ஊசி மூலம் போதைப் பொருள் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பெருகியிருப்பது, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வது என்ற உண்மையான பிரச்னையும் அந்தப் பரபரப்பிலேயே அமுங்கிப்போனது.

இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாடு எய்ட்ஸைப் பற்றிக் கற்றுக்கொண்டது என்ன? இதற்கு விடை சொல்ல நம்மிடம் அரசின் புள்ளிவிவரமே இருக்கிறது. ஆனால் அது ஆறுதல் தருவதாக இல்லை.

ஐந்து கேள்விகள்: தேசிய குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களிடமும் பெண்களிடமும் எச்.ஐ.வி. பற்றிக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்தினால் தொற்று வாய்ப்பு குறையும். தொற்றில்லாத ஒரே துணையுடன் வாழ்ந்தால் குறையும். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருப்பவருக்கும் எச்.ஐ.வி. இருக்கலாம் - இவை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். கொசுக்கடியால் பரவும், ஒன்றாக உண்பதால் பரவும் என்பன போன்ற பரவலான இரு தவறான நம்பிக்கைகளை மறுக்கவும் வேண்டும். இந்த ஐந்திலும் தேறியவருக்கே "முழுமையான அறிவு" இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

2005-06-ல் நடந்த மூன்றாவது ஆய்வில் இவ்வாறு தேறிய பெண்கள் 17 சதவீதம். ஆண்கள் 33 சதவீதம். 2015-16-ல் நடந்த நான்காவது ஆய்வில் பெண்கள் 21, ஆண்கள் 32. 2019-21-ல் நடந்த ஐந்தாவது ஆய்வில் பெண்கள் 22, ஆண்கள் 31. பதினைந்து ஆண்டுகளில் பெண்கள் ஐந்து படி ஏறியிருக்கிறார்கள். ஆண்கள் இரண்டு படி இறங்கியிருக்கிறார்கள். இதே காலத்தில் கைப்பேசி குக்கிராமங்களையும் எட்டியது. பெண்களின் எழுத்தறிவு உயர்ந்தது. நூற்றுக்கணக்கான செய்தித் தொலைக்காட்சிகள் தோன்றின.

ஆணுறையால் எச்.ஐ.வி.யைத் தடுக்கலாம் என்ற ஒரு கேள்வியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் கதை வேறு. நான்காவது ஆய்வில் 55 சதவீதமாக இருந்த பெண்கள் ஐந்தாவது ஆய்வில் 68 சதவீதமாகியிருக்கிறார்கள். ஆண்கள் 77-லிருந்து 82 சதவீதமாகியிருக்கிறார்கள். ஆக, விளம்பரம் சொன்ன பொருள் மனத்தில் பதிந்திருக்கிறது. நோய் எப்படிப்பட்டது, யாருக்கு வரும், எதனால் வராது என்பது பதியவில்லை.

கொசுவால் பரவும் என்று ஒருவர் நம்பினால் என்ன குடிமுழுகிப் போகும், ஆணுறை பற்றித் தெரிந்திருந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றலாம். போதாது. நோயை முகத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் ஆணுறை தேவையா என்று முடிவு செய்வார். தட்டையும் தம்ளரையும் பகிர்ந்தால் தொற்றிக்கொள்ளும் என்று நம்பும் ஊரில், தனக்குத் தொற்று இருக்குமோ என்று ஐயப்படுபவர் பரிசோதனை நிலையத்தின் பக்கமே போகமாட்டார். பரிசோதித்துக்கொள்ளாதவருக்குச் சிகிச்சை இல்லை. சிகிச்சை பெறாதவரிடமிருந்து தொற்று தொடர்ந்து பரவும். நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரில் தமது நிலையை அறிந்தவர்கள் 2023-24 கணக்கின்படி 81 சதவீதமே. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

முதல் படம்: இந்த அறியாமைக்கு மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர்களுக்கு எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வு அது. ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. ஆறு பெண்களுக்குத் தொற்று உறுதியானது. அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டே அதைச் சட்டப்பேரவையில் அறிவித்தார். உலகத் தரத்துக்கு நிகரான பணி. இன்று வரை தமிழகம் பெருமை கொள்ளத்தக்கது. ஆனால் அந்தப் பெண்கள் போலீஸாரால் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்கள். நோயைப் பற்றி நாட்டு மக்கள் பார்த்த முதல் படம் அதுவாகிவிட்டது. அப்பெண்களுக்கு நோயைக் கொடுத்த ஆண்கள் யார், அந்த ஆண்களின் வீட்டில் இருப்பவர்களின் கதி என்ன என்ற கேள்விகள் வெகு காலம் கழித்தே எழுந்தன.

அடுத்து வந்தது அச்சம். மண்டையோடும் எலும்புமாகச் சுவர்களை நிரப்பிய விளம்பரங்களை நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. கோவாவில் 1989-ல் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்தார். அதில் தொற்று தெரியவந்தது. மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் போலீஸார் அவரைக் கொண்டுபோய் 64 நாள்கள் தனிமையில் அடைத்து வைத்தனர். பின்னாளில், 2005-ல் வந்த "மை பிரதர் நிகில்" படத்துக்கு ஆதாரமாக அமைந்தது அவரது வாழ்க்கை. நோயாளியைச் சிறை வைக்கும் அரசு, விழிப்புணர்வுச் சுவரொட்டியில் என்ன எழுதினாலும் மக்கள் படிப்பது எதை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ உருவானபின் மொழி மாறியது. பாலியல் தொழிலாளர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர், லாரி ஓட்டுநர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் என்று தொற்று வாய்ப்பு மிகுந்த பிரிவினர் பட்டியலிடப்பட்டனர். திட்டமிடுவோருக்கு இந்தப் பட்டியல் இன்றியமையாதது. இருக்கும் பணத்தை எங்கே செலவிடுவது என்று அதுதான் சொல்லும். ஆனால் திட்ட அறிக்கையில் இருக்க வேண்டிய பட்டியல் செய்தியாக வெளிவந்தபோது வாசகர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "இவர்களுக்கு வரும் நோய், எனவே நமக்கு இல்லை" என்பதே அவர் அடைந்த முடிவு.

பல்பீரும் புள்ளி ராஜாவும்: இந்த மனநிலையை உடைக்க முயன்ற விளம்பரங்களும் உண்டு. மும்பையில் 2002 இறுதியில் "பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று திடீரெனப் பலகைகள் முளைத்தன. நம் ஊரில் அதே பாணியில் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி சுவரெங்கும் தோன்றியது நினைவிருக்கும். யார் இந்த ஆசாமி என்று டீக்கடையிலும் பேருந்திலும் பேச்சு எழுந்தது. "நான் ஒருத்தியிடம் மட்டும்தான் போகிறேன்", "அவள் பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறாள்", "போதையில் இருந்ததால் மறந்துவிட்டது" என்று ஆண்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களைத் தேடிப்பிடித்து அடித்தது பல்பீர் பாஷா பிரசாரம். அந்த வகையில் அது புத்திசாலித்தனமானது. பொது இடத்தில் எய்ட்ஸ் என்ற சொல்லைக் கூச்சமின்றி உச்சரிக்க வைத்ததும் அதன் சாதனைதான்.

பாலியல் தொழிலாளியே நோயின் ஊற்று என்று காட்டுகிறது என மும்பையில் பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அங்கே கேள்வி பல்பீருக்கு வருமா என்பதுதான். பல்பீரின் மனைவிக்கு வருமா என்று எந்தச் சுவரும் கேட்கவில்லை. தமிழகத்திலோ புள்ளி ராஜா என்பது சில மாதங்களிலேயே நண்பர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்யும் பெயராகிவிட்டது. கேலிக்குரிய இன்னொருவனின் நோய் என்ற நிலைக்கே எய்ட்ஸ் திரும்பியது.

இவற்றைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்தது தூர்தர்ஷன். பி.பி.சி. உலக சேவை அறக்கட்டளையும் நாகோவும் தூர்தர்ஷனும் சேர்ந்து 2002-ல் "ஜாசூஸ் விஜய்" என்ற துப்பறியும் தொடரைத் தொடங்கின. ஓம் புரி கதை சொல்ல, அடில் ஹுசைன் துப்பறிவாளராக நடித்தார். கொலை, கடத்தல், மர்மம் என்று வழக்கமான மசாலா. நடுவே எச்.ஐ.வி. பற்றிய செய்தி கதையோடு கதையாக வரும். வட மாநிலக் கிராமங்களில் கேபிள் இணைப்பு இல்லாத வீடுகளை அது எட்டியது. அதே அறக்கட்டளை 2008-ல் ஆணுறை என்ற சொல்லையே இசையாக்கிக் கைப்பேசி அழைப்பொலியாக வெளியிட்டு உலகச் செய்தியானது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் நிதி இருந்த வரை நடந்தன. நிதி நின்றதும் நின்றன.

பாதியான எண்ணிக்கை: செய்தி ஊடகங்களின் ஆர்வம் வடிந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. 2006-ல் இந்தியாவில் 57 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் இருப்பதாக ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. தென்னாப்பிரிக்காவை மிஞ்சி உலகில் முதலிடம் என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. மறு ஆண்டு ஜூலையில் அன்றைய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ், எண்ணிக்கை சுமார் 25 லட்சமே என்று அறிவித்தார். ஒரே ஆண்டில் பாதிப் பேர் எங்கே போனார்கள்? யாரும் எங்கும் போகவில்லை. அதுவரை பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கர்ப்பிணிகளையும் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருவோரையும் பரிசோதித்து நாட்டுக்கே கணக்குப் போட்டார்கள். மூன்றாவது குடும்ப நல ஆய்வில்தான் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் ரத்தம் வீடு வீடாகச் சென்று பரிசோதிக்கப்பட்டது. அதில் வயது வந்தோரிடையே தொற்று 0.28 சதவீதமே என்று தெரிந்தது. கணக்கு திருத்தப்பட்டதே தவிர நோய் பாதியாகிவிடவில்லை.

இதைப் பொறுமையாக விளக்கிய கட்டுரைகள் சொற்பம். எய்ட்ஸ் பீதி என்பதே வெளிநாட்டு நிதிக்காகக் கட்டப்பட்ட கதை என்ற பேச்சுதான் எடுபட்டது. பேரழிவு வரவில்லை என்றானதும் செய்தியாளர்கள் வேறு பக்கம் திரும்பினர். டிசம்பர் 1-ஆம் தேதி மட்டும் மணல் சிற்பமும் மாணவர் ஊர்வலமும் படமாக வெளிவருவது வழக்கமாகிவிட்டது.

நடத்தை மாறிய இடங்கள்: அப்படியானால் விழிப்புணர்வே பயனற்றதா என்றால், இல்லை. எங்கே பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா ஒரு திட்டத்தைத் தொடங்கினார். வாடிக்கையாளரிடம் ஆணுறையை வழக்கமாகப் பயன்படுத்தச் செய்த பெண்கள் அப்போது நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஜனா சுவரொட்டி ஒட்டவில்லை. அந்தத் தொழிலில் இருந்த பெண்களையே பயிற்றுவித்துச் சக பெண்களிடம் பேச அனுப்பினார். பேசப் பேச உண்மை வெளிவந்தது. ஆணுறை பற்றி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வற்புறுத்தினால் வாடிக்கையாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைய வருமானம் போய்விடும். வட்டிக்காரர் வாசலில் நிற்பார். ரௌடியும் போலீஸும் மாமூல் கேட்பார்கள். எனவே 1995-ல் அந்தப் பெண்கள் தர்பார் மகிளா சமன்வய சமிதி என்ற அமைப்பைக் கண்டனர். தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கத்தையும் ஏற்படுத்தினர். எல்லோரும் சேர்ந்து "ஆணுறை இல்லாமல் முடியாது" என்று சொன்னபோது வாடிக்கையாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1990-களின் இறுதிக்குள் ஆணுறைப் பயன்பாடு பெரும்பான்மையாகிவிட்டது. மும்பையில் பாலியல் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாகியிருந்த காலத்தில் சோனாகாச்சியில் அது பத்து சதவீதத்தைச் சுற்றியே நின்றது. ஜனா 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பலியானார். அவரது மறைவுக்குத் தேசிய நாளேடுகள் ஒதுக்கிய இடம் அவரது பணியின் அளவுக்கு இல்லை.

இதே வழியில் 2003 முதல் கேட்ஸ் அறக்கட்டளையின் "ஆவஹான்" திட்டம் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய ஆறு மாநிலங்களில் பெரும் பொருட்செலவில் நடந்தது. பின்னர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழகம் உள்ளிட்ட தென்பகுதி மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கர்ப்பிணிகளிடையே தொற்று 2000-ல் 1.7 சதவீதமாக இருந்தது, 2004-ல் 1.1 சதவீதமாகக் குறைந்ததாக 2006-ல் "லான்செட்" இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நாடு முழுவதும் பாலியல் தொழிலாளர்களிடையே 2003-ல் பத்து சதவீதமாக இருந்த தொற்று 2021 கண்காணிப்பில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. நோயின் ஊற்று என்று நாம் சுட்டிக்காட்டிய பெண்கள்தான் நாட்டிலேயே அதிகமாகக் கற்றுக்கொண்டவர்கள். கற்றதைச் செயலிலும் காட்டியவர்கள்.

இதே பணியைச் செய்த மற்றவர்களுக்கு அரசு கொடுத்த பரிசு வேறு. 2001-ல் லக்னோவில் ஓரினச் சேர்க்கையாளர்களிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்துவந்த தொண்டர்களைப் போலீஸார் கைது செய்து ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் வைத்தனர். அவர்கள் வைத்திருந்த விழிப்புணர்வுப் பிரசுரங்கள் ஆபாசப் பொருள்களாகக் கருதப்பட்டன. ஒரு கையால் ஆணுறை கொடுத்து மறு கையால் விலங்கு மாட்டும் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டித்தான் நாஸ் அறக்கட்டளை இ.பி.கோ. 377-ஆவது பிரிவுக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. அந்தப் பிரிவு எய்ட்ஸ் தடுப்புக்குக் குறுக்கே நிற்கிறது என்று நாகோவே 2006-ல் மனு தாக்கல் செய்தது. மத்திய உள்துறை அமைச்சகமோ அதே வழக்கில் எதிர்நிலை எடுத்தது. 2009-ல் வந்த தீர்ப்பு 2013-ல் மாற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வால் விவகாரம் தீர்க்கப்பட்டது. ஒரு சுகாதாரப் பிரச்னைக்கு நீதிமன்றம் விடை சொல்ல 17 ஆண்டுகள்.

வீட்டுக்குள் நுழையாத ஆணுறை: தொழில் நடக்கும் இடத்தில் வென்ற ஆணுறை வீட்டுக்குள் வெல்லவில்லை. 1968-ல் அரசு "நிரோத்" என்ற பெயரில் ஆணுறையை அறிமுகப்படுத்தியது குடும்பக் கட்டுப்பாட்டுக்காக. தேயிலை, சோப்பு விற்கும் பெரிய நிறுவனங்களின் விநியோக வலையின் மூலம் பெட்டிக்கடைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆனால் காலப்போக்கில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்களுக்கான அறுவைச் சிகிச்சை என்றாகிவிட்டது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி மணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆணுறையைப் பயன்படுத்தும் தம்பதியர் 10 சதவீதத்துக்கும் கீழே. ஆந்திரத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் ஏறத்தாழ 70 சதவீதம். எச்.ஐ.வி. தொற்று விகிதம் தேசிய சராசரியைப் போல மூன்று மடங்கு இருக்கும் மாநிலமும் அதுவே. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு மனைவி கணவனிடம் ஆணுறை வேண்டும் என்று எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்பாள்? கருத்தரிக்கும் அச்சம் என்ற சாக்கும் இல்லாதபோது, அந்தக் கோரிக்கை கணவனின் ஒழுக்கத்தின் மீதான குற்றச்சாட்டாகிவிடுகிறது. அல்லது அவளுடைய ஒழுக்கத்தின் மீதே திரும்புகிறது.

மனைவியோ உடன் வாழும் துணையோ அல்லாத ஒருவருடன் முந்தைய ஓராண்டில் உறவு கொண்டதாக அந்த ஆய்வில் ஒப்புக்கொண்ட ஆண்கள் 4 சதவீதம், பெண்கள் 0.5 சதவீதம். தொற்றுடன் வாழ்வோரில் பெண்களின் பங்கோ 40 சதவீதத்துக்கும் மேல். ஒரே துணையுடன் வாழ்ந்தால் பாதுகாப்பு என்று அரசு சொல்லிக்கொடுத்த பாடத்தை இவர்களில் பெரும்பாலோர் அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர்கள்.

பள்ளி வாசலில் நின்ற பாடம்: அடுத்த தலைமுறைக்காவது இதை முறையாகச் சொல்லிக்கொடுக்க 2005-ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் நாகோவும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. ஷில்பா ஷெட்டி சர்ச்சை எழுந்த அதே 2007-ல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. மகாராஷ்டிரத்தில் அப்போது நடந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பாரதிய ஜனதா ஆட்சி. கலாசாரத்தைக் காப்பதில் கட்சி வேறுபாடு இருக்கவில்லை. வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று 2009-ல் பரிந்துரைத்தது. பயிற்சிக் கையேடுகளின் சில படங்கள் ஆசிரியர்களுக்கே சங்கடம் தந்தன என்பது உண்மை. படத்தை நீக்கியிருக்கலாம், பாடத்தையே நீக்கினார்கள்.

ஜார்க்கண்ட் விதிவிலக்கு. "உடான்" என்ற பெயரில் 2006-ல் அங்கு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வி, ஆட்சிகள் மாறியபோதும் தொடர்ந்தது. பெற்றோரையும் ஆசிரியர்களையும் முதலிலேயே கலந்துகொண்டதும், பெயரில் "பாலியல்" இல்லாததும் அதற்கு உதவின. மத்திய அரசும் 2020-ல் ஆயுஷ்மான் பாரத் பள்ளிச் சுகாதாரத் திட்டத்தில் எச்.ஐ.வி. தடுப்பை ஒரு பாடமாகச் சேர்த்தது. அதை நடத்த வேண்டிய ஆசிரியர் அந்தப் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கிறாரா, புரட்டிவிட்டுப் போகிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேலிருந்து வரும் சமிக்ஞையும் உற்சாகமூட்டுவதாக இல்லை. ஆணுறைக்கு மட்டுமே அழுத்தம் தராமல் கணவன்-மனைவி உறவின் நேர்மையை வலியுறுத்த வேண்டும் என்றார் 2014-ல் அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன். அவரே ஒரு மருத்துவர். 2017 டிசம்பரில் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம், ஆணுறை விளம்பரங்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே ஒளிபரப்ப வேண்டும் என்று தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் விளக்கம் கேட்டபின், ஆபாசமான விளம்பரங்களுக்கே அது பொருந்தும் என்று அமைச்சகம் சொன்னது. கவர்ச்சியைக் காட்டி ஆணுறை விற்ற நிறுவனங்களும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நோய்த் தடுப்புச் சாதனத்தைப் படுக்கையறைப் பொழுதுபோக்காக மட்டுமே அவை காட்டின. குடும்பத்துடன் பார்க்க முடியவில்லை என்று சாதாரணக் குடிமகன் முகம் சுளித்ததை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

எட்டாத இலக்கு: 2023 மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 25.4 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கின்றனர். அந்த ஆண்டில் புதிதாகத் தொற்றியவர்கள் 68 ஆயிரத்துக்கும் மேல். 2010-உடன் ஒப்பிட்டால் புதிய தொற்று 44 சதவீதம் குறைந்திருக்கிறது. உலக சராசரியைவிட இது மேல். இறப்போ 79 சதவீதம் குறைந்திருக்கிறது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட எட்டு மையங்களில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையின் பலன் இது. ஆனால் ஐந்தாம் கட்டத் தேசியத் திட்டம் 2025-26-க்குள் எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு, இரண்டிலும் 80 சதவீதக் குறைப்பு. மருந்தால் சாதிக்க வேண்டியது ஏறத்தாழ நிறைவேறியது. அறிவாலும் நடத்தையாலும் சாதிக்க வேண்டியது பாதி வழியில் நிற்கிறது.

களமும் மாறிவிட்டது. மிசோரத்தில் வயது வந்தோரிடையே தொற்று 2.7 சதவீதம், நாட்டின் சராசரி 0.2. ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோரிடையே 2021 கண்காணிப்பில் 9 சதவீதம். அங்கிருந்து அவர்களின் துணைவியருக்கும் பரவுகிறது. பெருநகரங்களிலோ சந்திப்புகள் கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டன. சிவப்பு விளக்குப் பகுதியில் வீடு வீடாகச் சென்ற தொண்டர், முகமே தெரியாத இந்தக் கூட்டத்தை எங்கே தேடுவார்? இணைய வழிப் பிரசாரத்தை நாகோ தொடங்கியிருக்கிறது. செயலியில் நண்பரைத் தேடும் கல்லூரி மாணவரோ தம்மைத் தொற்று வாய்ப்பு மிகுந்த பிரிவினராக ஒருபோதும் நினைப்பதில்லை. எய்ட்ஸ் அவருக்குத் தம் பெற்றோர் காலத்துச் சுவரொட்டி.

தொடர்ந்து மருந்து உட்கொண்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து பாலுறவால் தொற்று பரவாது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. எய்ட்ஸ் பற்றி இந்தத் தலைமுறை அறிந்துகொள்ள வேண்டிய மிகப் பெரிய செய்தி இதுதான். பரிசோதனைக்கு அஞ்சுபவரை வரவழைக்க இதைவிட வலுவான வாதம் கிடையாது. ஒரு முத்தத்துக்கும் ஒரு தவறான தலைப்புக்கும் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட நம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் இதற்குக் கிடைக்கவில்லை.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது; சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும், ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. இன்றும் பல குடும்பங்களில் முதலில் பரிசோதிக்கப்படுவது கர்ப்பம் உறுதியானதும் மருத்துவமனைக்கு வரும் மனைவிதான். நோய் அவளிடம் முதலில் தெரிவதால் அவளே கொண்டுவந்தாள் என்று வீடு முடிவு செய்துவிடுகிறது. துணைவருக்குத் தெரிவித்தால் அந்தப் பெண் வன்முறைக்கோ கைவிடப்படுதலுக்கோ ஆளாவாள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், மருத்துவர் தெரிவிக்கக் கூடாது என்று இந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அடுத்த சுற்று ஆய்வில் ஆறாவது கேள்வியாக இதைச் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையங்களின் மருத்துவர்களிடமிருந்தே தொடங்கலாம்.